நார்மல் என்று எழுதிய குழாய்

பதினோரு மாதம் நான் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆரோக்கியமான மனிதனாக இருந்தேன். சேரும்போது சொன்ன வேலை கண்ணாடிக் குழாய் கழுவுவதும் ஐஸ் வாங்கி வருவதும்தான். ஆரோக்கியம் பிறகு சேர்ந்துகொண்டது.

கல்லூரி திருச்சியில், மாதா கோவில் மணி கேட்கும் தூரத்தில் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்து ஐஸ் இயந்திரம் நான் போவதற்கு முன்பே கெட்டுவிட்டது. அதன் தலையில் பழைய காலண்டர்களை அடுக்கியிருந்தார்கள். அதனால் நான் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, உறையூரில் ஒரு மீன் கடையில் தெர்மாகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் வாங்கிக்கொண்டு போவேன். ஐஸ் சுத்தமா என்று யாரும் கேட்டதில்லை. குழாய்கள்தான் ஐஸுக்குள் நிற்கும், ஐஸ் குழாய்க்குள் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும்.

நான் யாருக்காகக் குழாய் கழுவினேனோ அந்த ஆராய்ச்சி மாணவிக்கு முப்பத்தொரு வயது. என்னைவிடப் பத்து வயது இளையவர். வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். நான் மேடம் என்று கூப்பிடுவேன்.

“மேடம்னு கூப்பிடாதீங்கண்ணே. நான் இன்னும் ஒண்ணும் ஆகல” என்பார்.

ஆறு வருடமாக அவர் ஒன்றும் ஆகாமல் இருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அடுத்த வருட மே மாதத்தோடு முடிகிறது, அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடமும் தண்ணீரில் போட்டது மாதிரி என்று முதல் வாரமே சொன்னார். காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டதையும் சொன்னார். குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் நிற்கும்வரை பேச வேறு விஷயம் இருக்கவில்லை.

அவர் ஆராய்ந்தது ரத்தச் சிவப்பணுவின் தோலை. செல் சவ்வு என்பது அதன் புத்தகப் பெயர். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், அந்தப் பாடம் எனக்கு வந்ததில்லை. எதற்கு இத்தனை உப்புத்தண்ணீர் என்று ஒருநாள் கேட்டேன். கையுறை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் படம் போட்டார்.

“இந்தத் தோல் எண்ணெய்ப் படலம் மாதிரிண்ணே. சாம்பார் மேல மிதக்கும்ல.”

“மிதக்கும்.”

“அது மட்டும் இருந்தா லேசா இழுத்தாலே பிஞ்சிரும். ஆனா அதுல புரதம் சொருகியிருக்கு. சிலது இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துளைச்சுக்கிட்டு நிக்கும். அதுதான் வாசல். எது உள்ள போகணும், எது வெளிய போகணும்னு அது பாத்துக்கும்.”

“முக்கொம்பு அணை மதகு மாதிரி.” அங்கே நான் ஒரு வருடம் சுண்டல் விற்றிருக்கிறேன்.

“அப்படி வச்சுக்கங்க. ஆனா இந்த மதகு நின்ன இடத்துல நிக்காது. எண்ணெயில மிதந்துகிட்டு திரியும். அதுக்காக அடியில ஒரு வலை இருக்கு. ஸ்பெக்ட்ரின்னு பேரு. நூல் மாதிரி நீளமான புரதம், ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு ஆறு மூலை ஆறு மூலையாப் போகும். கொஞ்சம் மதகைக் கொண்டுபோய் அந்த வலையோட கட்டி வச்சிருக்கும். கட்டுறதுக்குன்னு தனியா ஒரு புரதம்.”

“எல்லா மதகையும் கட்டாதா?”

“கட்டாது. மிச்சமெல்லாம் சும்மா மிதந்துகிட்டிருக்கும். ஒரு கட்டத்துக்குள்ளயே சுத்தும், வலை தடுக்கும், திரும்பும். எப்பவாவது ஒரு தடவை அடுத்த கட்டத்துக்குத் தாவும். அங்கயும் இதே கதைதான்.”

அந்த வகை எனக்கு உடனே விளங்கிவிட்டது. கட்டிவைத்த வகையை நினைத்தபோது வேறு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் ஸ்ரீரங்கத்தில் பந்தல் போடுபவர்களோடு வேலை செய்திருக்கிறேன்.

“இது பந்தல் மேடம்” என்றேன். “மேல துணி. அடியில மூங்கில் சட்டம். நடுவுல முடிச்சு. முடிச்சு சரியா விழலன்னா அந்த இடத்துல துணி காத்துல உப்பும். அப்புறம் கிழிஞ்சு போயிரும். துணி குறைஞ்சதும் பந்தல் இறுகிக்கும்.”

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். “இதை நான் வகுப்புல சொல்லிக்கலாமாண்ணே?”

“சொல்லுங்க. பந்தல்காரர் கேட்டா என் பேரச் சொல்லாதீங்க. அவருக்கு நான் ஒரு ஏணி தரணும்.”

மேடத்தின் சோதனை இதுதான். சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாக ஓடும் சர்க்கரை அந்த வலையிலும் மதகிலும் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால் தோல் விறைத்து எளிதில் வெடிக்கும் என்று அவர் நினைத்தார். வரிசையாகக் குழாய்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடச் சற்றே உப்புக் குறைந்த தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு சொட்டு ரத்தம் விடுவார். உப்புக் குறையக் குறையத் தண்ணீர் அணுவுக்குள் புகும். அணு தட்டைபோல நடுவில் குழிந்து இருப்பதால் உப்ப இடமுண்டு. இடம் தீர்ந்ததும் வெடிக்கும். வெடித்த குழாய் முழுவதும் சிவப்பாகத் தெளிந்துவிடும். வெடிக்காத குழாயைச் சுழற்றி எடுத்தால் அணுக்கள் அடியில் பொட்டுபோலப் படிந்திருக்கும். எந்தக் குழாயில் வெடிக்கத் தொடங்குகிறது என்பதுதான் விடை.

இதில் ஒரு சிக்கல். உப்புத்தண்ணீர் ஒருநாள் மாதிரி ஒருநாள் இருக்காது, திருச்சி வெயிலும் இருக்காது. அதனால் சோதனை நடக்கும் ஒவ்வொரு நாளும், நோயில்லாத ஒரே ஆளின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஓட்ட வேண்டும். மற்ற எல்லாருடைய கணக்கும் அதோடு ஒப்பிட்டுத்தான் எழுதப்படும். காய்கறிக் கடையின் எடைக்கல் மாதிரி என்றார் மேடம். அந்த ஆள் திடகாத்திரமாக இருக்க வேண்டும், எங்கும் போய்விடாதவராகவும் இருக்க வேண்டும்.

“நீங்கதான்ணே எப்பவும் இங்க இருக்கீங்க” என்றார்.

என்னைப் பற்றி யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

செவ்வாயும் வெள்ளியும், தடவைக்கு ஐந்து மில்லி. கையெழுத்துப் போட ஒரு படிவம் தந்தார். தமிழிலும் இருந்தது. ஆறாவது கேள்வி: உங்களுக்கு எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததுண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

எனக்கு எத்தனை முறை வந்தது என்று எனக்கே தெரியாது. முதலில் நினைவிருப்பது ஒன்பதாம் வகுப்பில். வகுப்பாசிரியர் என்னைத் தனி பெஞ்சில் வைத்தார், பிறகு வீட்டில் வைக்கச் சொன்னார். முழுப்பரீட்சை முடிந்துதான் கண் வெளுத்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. லாரியில் கிளீனராக இருந்தபோது வந்தது, டிரைவர் நாமக்கல்லில் இறக்கிவிட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வந்தது, அறையில் இருந்தவர்கள் என் பாயை வெளியே போட்டார்கள். முக்கொம்பில் சுண்டல் சட்டியோடு நின்றபோது வந்தது. அங்கே யாரும் போகச் சொல்லவில்லை, சுண்டல் வாங்காமல் விட்டார்கள். காய்ச்சல் அடித்தாலோ அதிகமாகச் சுமை தூக்கினாலோ வரும். முக்கொம்புக்கு மேற்கே ஒரு வைத்தியர் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார். இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். மருந்தால் போனது என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன்.

கடைசியாக வந்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தபோது. முதலாளி நல்லவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பெருமாளுக்குத் தளிகை பண்ற அடுப்புலேர்ந்துதான் இங்க எல்லாருக்கும் போறது. நாலு பேர் உன் கண்ணைப் பார்த்துட்டு இலையை விட்டு எழுந்துண்டா நான் என்ன சொல்லட்டும்? உடம்பு தேறினப்பறம் வா” என்றார். தேறிப் போனபோது வேறு ஆள் பரிமாறிக்கொண்டிருந்தார்.

என் அப்பாவுக்கும் கண் மஞ்சள்தான். அவர் சாராயம் தொட்டதில்லை. ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை. பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் லேசாக மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அவர் தூங்கும்போது நானும் ஒருமுறை குனிந்து மோந்து பார்த்திருக்கிறேன். பீடி வாசம்தான் வந்தது.

ஆகவே ஆறாவது கேள்விக்கு எனக்குப் பழக்கமான பதில் ஒன்றுதான். ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டேன். என் குழாயின் மேல் மேடம் நீல மையில் ‘நார்மல்’ என்று எழுதினார்.

ரத்தம் எடுக்கக் கல்லூரி மருத்துவ அறையிலிருந்து ஒரு நர்ஸ் வருவார். எல்லாரும் சிஸ்டர் என்போம். ஒருநாள் ஊசியை உருவிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“கண்ணு என்ன ஒரு மாதிரி மஞ்சளா இருக்கு?”

“டியூப் லைட்டுங்க சிஸ்டர்.”

“டியூப் லைட்டு வெள்ளையாத்தானே எரியுது.”

“பழைய டியூபுங்க.”

அவர் மேலே பார்த்தார். டியூப் உண்மையிலேயே பழையது. அதோடு விட்டுவிட்டார்.

கணக்கு ஆரம்பத்திலிருந்தே தலைகீழாக வந்தது. சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் தாக்குப்பிடித்தார்கள். நார்மல்தான் உப்பு லேசாகக் குறைந்ததுமே வெடித்தார். மேடம் முதலில் குழாய்களை மாற்றி வைத்துவிட்டோமோ என்று பார்த்தார். பிறகு உப்பை மாற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சோப்பு எதுவும் குழாயில நிக்குதாண்ணே? துளி சோப்பு இருந்தாலும் தோல் கரைஞ்சிரும்.”

மறுநாளிலிருந்து ஒவ்வொரு குழாயையும் பன்னிரண்டு தண்ணீரில் அலசினேன். அப்போதும் நார்மல் வெடித்தார். பிறகு ஐஸைச் சந்தேகப்பட்டார். மீன் ஐஸ் வேண்டாம் என்று ஜூஸ் கடை ஐஸ் வாங்கி வந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு ஆள் வந்தது, வேறு மாற்றம் எதுவும் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர் வாரம் ஒருமுறை வந்து தாளைப் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார்.

“இதை எழுதிக் குடுத்தா, நோய் உடம்புக்கு நல்லதுன்னு ஆகும்” என்றார் ஒருமுறை. அதுவரை அவர் சொன்னதிலேயே அதுதான் நீளமான வாக்கியம்.

மாசி மாதம் ஒரு மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருடையது எலுமிச்சை சாதம், என்னுடையது கேன்டீன் தயிர் சாதம். மே மாதத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணினார். விரல் மிச்சம் இருந்தது, வாரம் மிச்சம் இல்லை.

“நார்மல் இவ்வளவு சீக்கிரம் வெடிக்கவே வெடிக்காதுண்ணே” என்றார் டப்பாவைப் பார்த்துக்கொண்டே. “அப்படி வெடிக்குற ஆளுன்னா வலையிலயே பிறவிக் குறை இருக்கணும். நீங்க சொன்னீங்கல்ல, முடிச்சு சரியா விழலன்னா துணி பிஞ்சு போயிரும்னு. அணு தோலைக் கொஞ்சங் கொஞ்சமா இழந்து உருண்டையாயிரும். மண்ணீரல்ல சந்து சந்தா இருக்கும். தட்டையா இருந்தா வளைஞ்சு போகலாம். உருண்டை மாட்டிக்கும், அங்கயே உடைச்சிரும். உடைஞ்ச ரத்தம் எல்லாம் மஞ்சளாகும். அந்த ஆளு கண்ணு எப்பப் பார்த்தாலும் மஞ்சளாத்தான் இருக்கணும்.”

“அப்படியும் ஆளுங்க இருக்காங்களா?”

“எங்கயாவது இருப்பாங்க. நம்ம எழவுக்கு அது காரணமில்ல. அதான் படிவத்துலயே கேட்டுட்டோம்ல.”

நான் தயிர் சாதத்தைத் தின்று முடித்தேன். சொர்க்கவாசல் திறக்கும் நாளில் சவுக்குக் கட்டைத் தடுப்புக்குள் பக்கவாட்டில் நுழைய முடியாமல் ஒரு பருமனான மனிதர் மாட்டிக்கொண்டதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவரைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அதை நினைத்துக்கொண்டே டப்பாவைக் கழுவினேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம், பல ஊர்களில் பார்த்தாயிற்று. போகச் சொல்வதற்கு முன் போய்விடுவது என் வழக்கம். பையில் இரண்டு சட்டையும் ஒரு கைலியும் வைத்தேன்.

சர்க்கரை நோயாளிகள் பட்டியலில் மேடத்தின் அப்பாவும் ஒருவர். வையம்பட்டியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் அவர் ரத்தம் கொடுப்பார், நான் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வர வேண்டும். இரண்டாவது முறை எடுக்கப் போன நாளை நான் தேர்ந்தெடுத்தேன். பெட்டியைத் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி மேடத்துக்கு போன் செய்துவிடுவது, நான் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிடுவது. திண்டுக்கல்லில் பூட்டுக் கடை ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவருடைய அப்பா மொபெட்டில் வந்தார். ஒல்லியான, உற்சாகமான மனிதர். ரத்தம் கொடுத்து முடித்ததும் என்னை டீக்கடைக்கு இழுத்துப்போனார்.

“தம்பிக்கு ஒரு டீ. எனக்கும் சீனி போட்டே குடுங்க.”

“உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்லங்கய்யா.”

“இருந்துச்சு. பாப்பா போன்ல சொல்லுச்சு, என் ரத்தம் நல்லா இருக்குற ஆளோட ரத்தத்தைவிடக் கெட்டியா நிக்குதாம். எவனோ ஒரு நார்மலாம், அவன் எடுத்ததுமே வெடிச்சிர்றானாம். நான் நாலு குழாய் தாண்டி நிக்குறேனாம்.” டீயை ஆற்றினார். “மாத்திரையை நிறுத்தி ஒரு மாசமாச்சு.”

“டாக்டர் நிறுத்தச் சொன்னாருங்களா?”

“டாக்டர் எதுக்கு? ஆராய்ச்சியே சொல்லுதுல்ல. என் பொண்ணு ஆறு வருசம் சும்மாவா படிக்குது?”

“பாப்பாவுக்குத் தெரியுமா, நிறுத்துனது?”

“முடிக்கட்டும், ஒண்ணாச் சொல்லிக்கலாம். அது எப்பத்தான் தம்பி முடியும்? கேட்டா அளவு சரியா வரலங்குது.”

இடது காலில் துணி சுற்றியிருந்தார். கேட்டேன்.

“முள்ளு குத்துச்சு. மூணு வாரமா ஆறமாட்டேங்குது. செருப்பு சரியில்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த நார்மல் யாருன்னு பார்த்தீங்கன்னா சொல்லுங்க தம்பி. பாவம், உடம்பைக் கவனிக்கச் சொல்லுங்க.”

“சொல்றேங்கய்யா. போயிட்டு வரேன்.”

திண்டுக்கல் பஸ் முதலில் வந்தது. கண்டக்டர் என் பையைப் பார்த்து ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை. அடுத்து வந்த திருச்சி பஸ்ஸில் பெட்டியோடும் பையோடும் ஏறினேன். வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன்.

மேடம் பெட்டியைத் திறந்து குழாயைத் தனியே வைத்தார். பிறகுதான் பையைப் பார்த்தார்.

“ஊருக்கா அண்ணே?”

“இல்ல மேடம். ஆறாவது கேள்விக்கு நான் பொய் சொல்லிட்டேன்.”

எந்த ஆறாவது கேள்வி என்று அவருக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆனது. நான் பள்ளிக்கூடம், லாரி, திருப்பூர், முக்கொம்பு, மெஸ் என்று வரிசையாகச் சொன்னேன். அப்பாவையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கண்ணை அதுவரை அவர் நேராகப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

“பதினோரு மாசம்” என்றார்.

“ஆமா மேடம்.”

“பன்னெண்டு தண்ணியில அலசுனீங்களே.”

“ஆமா.”

“தெரிஞ்சே அலசுனீங்களா?”

“அப்பத் தெரியாது மேடம். எலுமிச்சை சாதம் அன்னிக்குத்தான் தெரியும்.”

அவர் மனதுக்குள் வாரங்களை எண்ணுவது தெரிந்தது. மூன்று. 

“இன்னொண்ணு இருக்கு. அப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு. அவர் ரத்தம் கெட்டின்னு நீங்க சொன்னீங்கல்ல, அதனால. கால்ல புண்ணு இருக்கு.”

ஆய்வேடு போனபோது வராத கோபம் அப்போது வந்தது. போனை எடுத்தார்.

“அப்பா. நீங்க கெட்டியெல்லாம் இல்ல. எடைக்கல்லு பொய். இப்பவே மாத்திரை வாங்கிப் போடுறீங்க. சாயங்காலம் காலை டாக்டர்ட்ட காட்டுறீங்க. யாரு சொன்னாவா? அந்த நார்மலே வந்து சொல்றாருப்பா.” போனை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நீங்கதானா அது” என்றார் அவர்.

“ஆமாங்கய்யா.”

“சரி. உடம்பைப் பார்த்துக்கங்க.”

“நீங்களும்.”

மறுநாள் பேராசிரியர் வந்தார். மேடம் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். நான் கதவருகில் பையோடு நின்றேன். பேராசிரியர் தாள்களை நெடுநேரம் புரட்டினார்.

“இவர் கொண்டுவந்து குடுத்த எடைக்கல்லு தப்பு” என்றார். “ஆனா பதினோரு மாசமும் ஒரே கல்லு. நிஜக் கல்லுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சா எல்லாத்தையும் திருத்தி எழுதலாம்.”

“எப்படி சார்?”

“ஆரோக்கியமான ஆளுங்க ஆறு பேர். இவர். எல்லாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாலு வாரம், வேலை நாள் ஒவ்வொண்ணும் ஓட்டு. இவரோட கல்லும் நிலையா நிக்குதான்னு பார்க்கணும்ல.” அப்புறம் என்னிடம் திரும்பினார். “நாலு வாரம் இருப்பீங்களா?”

விஷயம் தெரிந்த பிறகு என்னை ஓரிடத்தில் இருக்கச் சொன்னது அதுதான் முதல் முறை. 

“பையை எங்க வைக்கட்டுங்க சார்?” என்று கேட்டேன்.

ஐஸ் இயந்திரத்துக்குப் பின்னால் இடமிருந்தது.

கண் நன்றாக மஞ்சளான வாரங்களின் கணக்கு நம்பத்தகாதது, அவற்றைத் தள்ள வேண்டும் என்றார்கள். தேதி எனக்குத் தெரியாது. ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் ஒன்று, வைகுண்ட ஏகாதசிக்கு அடுத்த செவ்வாய் ஒன்று என்று சொன்னேன். மேடம் காலண்டரைப் புரட்டினார். அவருடைய தாளிலும் அந்த நாட்களில்தான் நார்மல் எல்லாவற்றையும்விட மோசமாக வெடித்திருந்தார். இரண்டு வாரத்தையும் அடித்தார்.

ஆறு பேரைப் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. வாட்ச்மேன், அலுவலகத்தில் இரண்டு பேர், தோட்டக்காரர், உறையூர் மீன் கடைக்காரர் எல்லாம் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நானே ஆறாவது கேள்வியைக் கேட்டேன். கேன்டீன் சமையல்காரர் இழுத்தார்.

“சின்ன வயசுல ஒரு தடவை வந்த மாதிரிதான் இருந்துச்சு. அதைப் போடணுமா? வெளிய தெரிஞ்சா கேன்டீன்ல வச்சிருப்பாங்களா?”

“வெளிய போகாது. உண்மையைச் சொல்லுங்க. நான் சொல்லாம விட்டதுக்குத்தான் இப்ப ஏழு பேருக்கு ஊசி.”

அவரை விட்டுவிட்டு நூலகத்து உதவியாளரைப் பிடித்தேன்.

இதற்கிடையில் மேடம் என்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒரு பெண் டாக்டர் என் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, பித்தப்பையில் கல் இருக்கிறது, வலி வந்தால் எடுக்க வேண்டும், அதுவரை ஒரு சின்ன மாத்திரை தினமும் என்றார்.

“இது பொறந்ததிலேருந்தே இருக்குங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருக்கும். யாருக்கும் ஒட்டாது.”

அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“எழுதித் தருவீங்களா?”

அவர் எழுதித் தந்தார்: இது தொற்றுநோய் அல்ல. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதை லேமினேட் செய்தேன். காட்ட வேண்டிய இடம் எதிலும் இப்போது நான் இல்லை. அப்பா பெயருக்கும் ஒன்று கேட்டிருக்கலாம். அவர் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. பந்தியில் மூக்கை உறிஞ்சியவர்களிலும் பாதிப்பேர் இல்லை.

நாலு வாரமும் காலையில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்தோம். சிஸ்டர் என் முறை வரும்போது மேலே டியூப் லைட்டைப் பார்த்துவிட்டு ஊசி போடுவார்.  ஏழு குழாய் வரிசைகளில் என்னுடையது மட்டும் முதலில் சிவந்தது, தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில். பந்தல் பிய்ந்த விதத்தில்கூட ஓர் ஒழுங்கு இருந்ததாக மேடம் சொன்னார். என் குழாயில் இப்போது வெறும் ‘அ’ என்று எழுதியிருந்தது.

திருத்திய கணக்கில் சர்க்கரை நோயாளிகள் நார்மல் ஆட்களைவிடச் சீக்கிரம் வெடித்தார்கள். மேடம் நினைத்த அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான். அவருடைய அப்பா அந்தக் கூட்டத்தில் நடுவில் இருந்தார். கால் புண் ஆறத் தொடங்கியிருந்தது, டீயில் சீனி நின்றுவிட்டது, அதற்கு அவர் என்னைத்தான் குறை சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஆய்வேட்டை மே மாதக் கெடுவுக்கு நான்கு நாள் முன்பு பைண்டிங் செய்து வாங்கினோம். ஐந்து பிரதி, சிவப்பு அட்டை. நான் சுமந்தேன், மேடம் கையெழுத்துத் தாள்களை வைத்திருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு பிரதியைப் பிரித்தார். ஒரு பக்கத்தில் கோடுகள் வளைந்து ஏறின. ஆறு கோடு ஒன்றாகப் போனது. ஒன்று மட்டும் தனியாக, முன்னாலேயே ஏறியது. படிக்காமலே தெரிந்தது.

“உங்க பேரு எங்கயும் போடலண்ணே. போடக் கூடாது. பயப்படாதீங்க.”

“பயமில்ல மேடம்.”

அலுவலகத்தில் இருந்தவர் பிரதிகளை எண்ணினார், பக்கங்களைத் தட்டிப் பார்த்தார், பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திக் கொடுத்தார். ஆறு வருடத்துக்கு ஒரு முத்திரை. மேடம் அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை.

“இனிமே மேடம்னு கூப்பிடலாம்ணே” என்றார்.

“இன்னும் வைவா பரீட்சை இருக்குல்ல” என்றேன்.

சத்திரத்தில் இறங்கினோம், அவர் தன் வழியில் போனார். நான் உறையூர் பஸ் ஏறினேன். ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த வாரம் ஒரு புதிய மாணவி சேர்ந்திருந்தார், அவருக்கு மதியத்துக்குள் ஐஸ் வேண்டுமாம்.